பழைய நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள்: விண்டேஜ் கடை நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1950, 60-களின் நாற்காலிகளையும் விளக்குகளையும் தேடிப் பிடித்து விற்கும் கடைக்கு ஒருவர் ஏன் வர வேண்டும்? அதே வடிவத்தில் புத்தம் புதிய நாற்காலி குறைந்த விலையில் வேறெங்கும் கிடைக்கும். இது எப்போது செய்யப்பட்டது, யார் வடிவமைத்தது, எந்தப் பாகம் பின்னால் மாற்றப்பட்டது என்று சொல்லத் தெரிந்த ஆள்தான் அங்கே கிடைக்க மாட்டார். வாடிக்கையாளர் கூடுதலாகக் கொடுக்கும் பணம் அந்தத் தகவலுக்கு. இந்தத் தொழிலில் நான் பார்க்கும் பெரிய தவறுகளில் பாதி, பொருளிடம் இல்லாத சாட்சியை உண்டாக்குவது. மீதி, இருக்கிற சாட்சியை அழித்துவிடுவது.

பெயர் சூட்டும் அவசரம்

கால்கள் கீழே போகப் போக மெலிந்து, சற்று வெளிப்புறம் சாய்ந்திருந்தால் போதும், "டென்மார்க், 1950-கள்" என்று சீட்டு எழுதி ஒட்டிவிடுகிறார்கள். அந்தக் கால் வடிவத்தை உலகின் எத்தனையோ தொழிற்சாலைகள் எத்தனையோ ஆண்டுகள் செய்திருக்கின்றன. கால் எதையும் நிரூபிக்காது.

வடிவமைத்த ஆண்டையும் தயாரித்த ஆண்டையும் குழப்புவது இதைவிடப் பரவலான தவறு. டென்மார்க் வடிவமைப்பாளர் ஹான்ஸ் வெக்னர், முதுகில் Y வடிவக் கட்டையுள்ள தன் புகழ்பெற்ற நாற்காலியை 1949-ல் வரைந்தார். கார்ல் ஹான்சன் நிறுவனம் 1950-ல் தயாரிக்கத் தொடங்கியது, இன்றும் தயாரிக்கிறது. அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ல்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியின் சாய்வு நாற்காலி 1956-ல் வந்தது. அதுவும் இன்றுவரை உற்பத்தியில் இருக்கிறது. ஆகவே "1956 ஈம்ஸ் நாற்காலி" என்று எழுதினால் வாங்குபவர் ஒன்றைப் புரிந்துகொள்வார், நீங்கள் கொடுப்பது இன்னொன்றாக இருக்கும். "வடிவமைப்பு 1956, தயாரிப்பு ஏறத்தாழ 1980-கள்" என்று இரண்டையும் எழுதுங்கள். விலை சற்று இறங்கலாம். பொருள் திரும்பி வராது.

காலத்தைக் கணிக்க வேண்டுமென்றால் பொருளைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். இழுப்பறையை முழுவதும் வெளியே எடுத்து, அதன் பின்பக்கத்தையும் அடிப்பலகையையும் பார்க்க வேண்டும். சூட்டுக்கோலால் பொறித்த முத்திரை, காகித லேபிள், உலோக வில்லை எல்லாம் அங்கேதான் இருக்கும். திருகாணியின் தலைகூடப் பேசும். கூட்டல் குறி போன்ற பிலிப்ஸ் தலைக்குக் காப்புரிமை கிடைத்தது 1936-ல். அந்தக் கூட்டல் குறிக்கு இடையே இன்னொரு மெல்லிய கோட்டு நட்சத்திரமும் தெரிந்தால் அது போசிடிரிவ் என்ற வகை, 1960-களில் வந்தது. 1952 என்று விற்கப்படும் அலமாரியில் அது இருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். பின்பலகை எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும்; அந்தப் பலகை வணிக அளவில் பரவியது 1960-களின் பிற்பகுதியிலிருந்துதான். ஆனால் இடையில் பழுது பார்த்த தச்சர் ஒருவர் கையில் கிடைத்த திருகாணியைப் போட்டிருக்கலாம், உடைந்த பின்பலகையை மாற்றியும் இருக்கலாம். ஒரே தடயத்தை வைத்துத் தீர்ப்பு எழுதுவதும் தவறுதான்.

போலிகள் தனிக் கதை. ஈம்ஸ் சாய்வு நாற்காலியின் அடியில் ஐந்து கை, அதனுடன் வரும் கால்மணையின் அடியில் நான்கு கை என்பதே அசலின் அமைப்பு. நாற்காலிக்கே நான்கு கை இருந்தாலோ, முதுகுப் பலகையின் வெளிப்புறத்தில் திருகாணித் தலைகள் தெரிந்தாலோ அங்கேயே நின்றுவிடுங்கள். சண்டிகர் அலுவலகங்களுக்காகக் கட்டடக் கலைஞர் பியர் ஜென்னரே வடிவமைத்த தேக்கு நாற்காலிகளின் நிலைமை இன்னும் சிக்கல். அவை ஒரே தொழிற்சாலையில் செய்யப்படவில்லை. பல பட்டறைகளில் செய்யப்பட்டதால் அசல்களுக்குள்ளேயே அளவு வேறுபடும். அலுவலகப் பொருள் என்பதால் பலவற்றில் பெயிண்டால் எழுதிய எழுத்தும் எண்ணும் இருக்கும். அசல் என்பதற்கு அதுதான் சான்று என்று வாங்குபவர்கள் நம்பத் தொடங்கியதும், போலி செய்பவர்கள் முதலில் எழுதப் பழகியது அந்த எண்களைத்தான்.

சீட்டில் எழுத மூன்று சொற்றொடர்கள் போதும்: முத்திரையோ ஆவணமோ இருந்தால் "இன்னார் வடிவமைத்தது", வடிவமும் செய்நேர்த்தியும் மட்டும் ஒத்துப்போனால் "இன்னாருடையதாகக் கருதப்படுகிறது", மற்றவை எல்லாம் "இந்தப் பாணியில் செய்தது". மூன்றாவதை எழுதுவதில் அவமானம் எதுவும் இல்லை. பெயரில்லாத தொழிற்சாலைகள் செய்த நல்ல மேசைகள் ஏராளம். சொல்லப்போனால், கடையின் அன்றாட வியாபாரம் அவற்றில்தான் ஓடுகிறது.

நகலை நகலென்று சொல்லித்தானே விற்கிறோம் என்பதும் எல்லா நாட்டிலும் செல்லாது. ஈம்ஸ் தம்பதியின் நாற்காலி ஒன்றைப் பற்றிய வழக்கில், அமெரிக்காவில் பிறந்த வடிவமைப்பு என்ற காரணத்துக்காக மட்டும் உறுப்பு நாடுகள் பதிப்புரிமைப் பாதுகாப்பை மறுக்க முடியாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2024 அக்டோபரில் தீர்ப்பளித்தது. நாற்காலியும் அங்கே பதிப்புரிமைக்கு உரிய படைப்பாக இருக்க முடியும்.

உப்புத்தாளைக் கீழே வையுங்கள்

வந்த பொருளை உடனே தேய்த்துப் புதுப்பிக்கும் வழக்கம் இருக்கிறதே, இந்தத் தொழிலில் இதைவிட அதிகமாகப் பணத்தை அழித்தது வேறு எதுவும் இருக்காது என்று நினைக்கிறேன்.

அந்தக் காலத்து அலமாரிகளும் மேசைப் பலகைகளும் பெரும்பாலும் முழுத் தேக்கு அல்ல. வேறு பலகையின் மேல் ஒட்டிய தேக்கு வெனீர், அதாவது மெல்லிய மரத் தகடு. அதன் தடிமன் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. முன்பே யாரோ ஒருமுறை தேய்த்திருந்தால் அதிலும் குறைவு. மின்சாரத் தேய்ப்பான் ஓரத்தில் ஒரு நொடி கூடுதலாக நின்றால் கீழிருக்கும் பலகை வெளிறிய திட்டாகத் தெரிந்துவிடும். அதற்குப் பரிகாரம் கிடையாது. சாயம் பூசி மறைக்கலாம், மறைத்ததும் தெரியும்.

முதலில் வெறுமனே துடைத்துப் பாருங்கள். மென்மையான சோப்பு, பிழிந்தெடுத்த ஈரத்துணி, உடனே உலர்ந்த துணி. கறை என்று நினைத்ததில் பெரும்பகுதி புகையும் கைப்பிசுக்கும் பழைய மெழுகும்தான். அடுத்து, மேலே இருக்கும் பூச்சு எது என்று கண்டறிய வேண்டும். கண்ணில் படாத மூலையில் ஆல்கஹால் தொட்ட பஞ்சை வைத்தால் அரக்கு பாலிஷ் கரைந்து பிசுபிசுக்கும். அதற்கு அசையாமல் லாக்கர் தின்னருக்குக் கரைந்தால் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் பின்னால் யாரோ பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பூச்சை அடித்திருக்க வாய்ப்பு அதிகம். டென்மார்க்கின் தேக்குப் பொருள்கள் பலவற்றுக்கு எண்ணெய் மட்டுமே பூசியிருப்பார்கள். அவற்றின் மேல் கண்ணாடிபோல மின்னும் வார்னிஷ் அடிப்பது, விவரம் தெரிந்த வாடிக்கையாளரை வாசலிலேயே திருப்பி அனுப்பும் வேலை. நல்ல நிலையில் இருக்கும் தேக்கு அலமாரிக்கு வெள்ளைப் பெயிண்ட் அடிப்பவர்களைப் பற்றி நான் எழுதத் தொடங்கினால் இந்தக் கட்டுரை வேறு திசையில் போய்விடும்.

புதுப்பிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. தண்ணீரில் ஊறிக் கறுத்த பலகை, வெனீர் உப்பிப் பிளந்த ஓரம், ஏற்கெனவே கெடுத்து வைத்திருக்கும் பூச்சு ஆகியவற்றைச் சரிசெய்துதான் ஆக வேண்டும். வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுத்து வைத்து, செய்ததைச் சீட்டில் எழுதிவிடுங்கள்.

பட்டறையில் எண்ணெய் பூசுபவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆளி விதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது வெப்பம் உண்டாகும். சுருண்ட துணிக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காய வையுங்கள், அல்லது தண்ணீரில் மூழ்கடித்து மூடியுள்ள உலோகப் பாத்திரத்தில் வையுங்கள்.

துணிக்கு அடியில் ஒளிந்திருக்கும் செலவு

சோபா மலிவாகக் கிடைத்தது என்று சந்தோஷப்படுவதற்கு முன் அதன் மெத்தையை அழுத்திப் பாருங்கள். பழைய லேட்டக்ஸ் நுரை இறுகிப்போய், தொட்டால் மாவாக உதிரும். அதன் கீழே இருக்கை தாங்கும் ரப்பர் பட்டைகள் விறைத்து வெடித்திருக்கும். நுரை, பட்டை, துணி, கூலி எல்லாம் சேர்ந்தால் சோபாவின் கொள்முதல் விலையைத் தாண்டிவிடுவது சாதாரணம். காகிதக் கயிற்றால் பின்னிய இருக்கை அறுந்திருந்தால், அதைத் திரும்பப் பின்னத் தெரிந்த ஆள் அருகில் இருக்கிறாரா என்பதை விசாரித்த பிறகே பேரம் பேசுங்கள்.

சில பொருள்களுக்கு அவற்றுக்கே உரிய பலவீனம் உண்டு. டென்மார்க் வடிவமைப்பாளர் ஆர்னே யாக்கப்சனின் 1955 நாற்காலி போன்ற வளைத்த ஒட்டுப்பலகை இருக்கைகளில், முதுகும் இருக்கையும் சேரும் குறுகிய இடத்தில் விரிசல் ஓடும். அதை ஒட்டினாலும் ஒருவர் சாய்ந்து உட்காரும் பாரத்துக்கு நம்ப முடியாது. ஈம்ஸ் சாய்வு நாற்காலியில், முதுகுப் பலகையைக் கைப்பிடியோடு இணைக்கும் ரப்பர் வில்லைகள் பசையால் ஒட்டப்பட்டவை. வயதாகி அவை விட்டுக்கொடுத்தால் உட்கார்ந்திருப்பவரும் விழுவார், பலகையும் கிழியும். விற்பதற்கு முன் பழுது பார்ப்பவரிடம் காட்டாமல் இதைக் கடையில் வைக்கவே கூடாது.

மரத்தில் குண்டூசித் துளைகளும் அவற்றின் கீழே புதிதாக உதிர்ந்த மெல்லிய தூளும் இருந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது. சோபாத் தையல்களில் கரும்புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி. இரண்டையும் மற்ற சரக்கோடு சேர்க்காமல் தனி அறையில் வைத்துச் சிகிச்சை முடிந்த பிறகு மட்டும் உள்ளே கொண்டு வாருங்கள்.

மெத்தை வைத்த பொருள்களுக்குத் தீப் பாதுகாப்பு விதிகள் உண்டா என்றும் பார்க்க வேண்டும். பிரிட்டனில் 1988-ல் வந்த விதிகள் பழைய பொருளை விற்பவருக்கும் பொருந்தும். 1950 ஜனவரி 1-க்கு முன் செய்தவற்றுக்குத்தான் விலக்கு. அதாவது, இந்தக் கடைகளின் முக்கியச் சரக்கு கோட்டின் தவறான பக்கத்தில் விழுகிறது.

விளக்கும் கடிகாரமும்

பழைய விளக்கின் வயர் உறை நொறுங்கத் தொடங்கியிருக்கும். எரிகிறதே என்பதற்காக அப்படியே விற்காதீர்கள். மின்பணியாளரிடம் கொடுத்து வயரையும் பிளக்கையும் மாற்றுங்கள். இருட்டில் ஒளிரும் முள்ளும் எண்களும் கொண்ட பழைய கடிகாரங்களில் கதிரியக்கமுள்ள ரேடியம் இருக்கலாம். 1960-கள் வரை அது புழக்கத்தில் இருந்தது. கண்ணாடியைத் திறந்து சுத்தம் செய்யக் கூடாது. பீங்கான் கிண்ணங்களின் மெருகில் ஈயம் இருக்கலாம் என்பதால், சோதிக்காதவற்றை அலங்காரத்துக்கு மட்டும் என்று எழுதி விற்கலாம்.

ரோஸ்வுட் என்று எழுதுவதற்கு முன்

கறுப்புக் கோடுகள் ஓடும் மரமெல்லாம் சீட்டில் ரோஸ்வுட் ஆகிவிடுகிறது. சாயம் பூசிய வேறு மரமாக இருந்தால் அது பொய். உண்மையிலேயே பிரேசில் ரோஸ்வுட்டாக இருந்தால் சட்டம் குறுக்கே வரும். அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான சைட்டிஸ் உடன்படிக்கையில் 1992 முதல் அந்த மரம் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. அதற்கு முன் செய்த பொருள் என்பதற்குச் சான்றிதழ் இல்லாமல் எல்லை தாண்டி விற்க முடியாது. 2017 முதல் ரோஸ்வுட் இனங்கள் எல்லாமே ஏதாவது ஒரு பட்டியலுக்குள் வந்துவிட்டன. வெளிநாட்டு வாடிக்கையாளர் பணம் கட்டிய பிறகு இதைத் தேடத் தொடங்கினால் தாமதம்.

விலையும் இடமும்

இணையத்தில் ஒருவர் கேட்கும் விலையைப் பார்த்து உங்கள் விலையை வைக்காதீர்கள். அந்தப் பொருள் அங்கேயே மாதக்கணக்கில் விற்காமல் கிடக்கலாம். ஏலங்களில் உண்மையில் போன விலை பொது வெளியில் கிடைக்கிறது, அதைப் பாருங்கள். கொள்முதல், வண்டி வாடகை, பழுது, சொந்த உழைப்பின் மணிநேரம் எல்லாவற்றையும் பொருள்வாரியாக ஒரு நோட்டில் எழுதினால், பிரியமாக வாங்கிய பெரிய அலமாரி எத்தனை சிறிய விளக்குகளின் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்பது தெரியும்.

கடை முழுவதையும் ஒரே பழுப்பு நிறத் தேக்காக நிரப்பினால் எந்தப் பொருளும் கண்ணில் நிற்காது. பொருள்களுக்கு இடையே வெறும் சுவரும் தரையும் தெரிய வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க அனுமதிக்க வேண்டும். தொடாதே என்ற பலகையை மாட்டியிருக்கும் மரச்சாமான் கடையை என்னால் புரிந்துகொள்ள முடிந்ததில்லை.

படங்களில் கீறலையும் அடிப்பக்கத்தையும் காட்டுங்கள். நீளம், அகலம், உயரத்தோடு இருக்கையின் உயரத்தையும் எழுதுங்கள். அந்தக் காலத்துச் சாய்வு நாற்காலிகள் தாழ்வானவை, முதியவர்கள் எழச் சிரமப்படுவார்கள். அனுப்பும்போது கால்களைக் கழற்றி, திருகாணிகளைப் பையில் போட்டு இழுப்பறைக்குள் ஒட்டி, கண்ணாடியைத் தனியாகக் கட்டுங்கள். பணம் வாங்கும் முன்பே வாடிக்கையாளரிடம் வாசல் அகலத்தையும், படிக்கட்டு திரும்பும் இடத்தின் அகலத்தையும் அளந்து சொல்லக் கேளுங்கள். இரண்டு மீட்டர் நீளமுள்ள அலமாரியைப் பாதி மாடியிலிருந்து திரும்ப இறக்கும் கூலியை யார் கொடுப்பது என்ற வாக்குவாதம் அதன்பின் எழாது.