சொன்னால் கேட்காத சீனியரை வேலை வாங்குவது எப்படி? புது சூப்பர்வைசருக்குச் சில படிகள்

ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேனாக இருந்தவரைத் திடீரென்று செக்‌ஷன் சூப்பர்வைசர் ஆக்கிவிடுவார்கள். நேற்றுவரை கூட நின்று புடவை மடித்தவர்களை இன்று வேலை வாங்க வேண்டும். அதில் ஒருவராவது நம்மைவிடப் பத்து வருஷம் மூத்தவராக இருப்பார்; நாம் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். எனக்கும் அப்படி ஒரு அண்ணன் வாய்த்தார்.

படி 1: ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள்

"பொறுப்பில்லை", "திமிர்" என்றெல்லாம் எழுதாதீர்கள். அது உங்கள் கோபம். "செவ்வாய், மாலை 6.40. பட்டு கவுண்டரில் 14 புடவை மடிக்காமல் கிடந்தது. கஸ்டமர் இரண்டு பேர் காத்திருந்து போய்விட்டார்கள். அண்ணன் குடோனில்." இப்படி, கண்ணால் பார்த்ததை மட்டும். எழுதிய பிறகுதான் எனக்கே ஒன்று புரிந்தது: காலையில் ஒரு குறையும் இல்லை, எல்லாம் ஐந்து மணிக்கு மேல்தான்.

படி 2: தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்

கஸ்டமர் முன்னால் வேண்டவே வேண்டாம். டீ நேரம் நல்லது. நான் கேட்டது இவ்வளவுதான்:

"அண்ணே, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ரெண்டு கஸ்டமர் நின்னு பாத்துட்டுப் போயிட்டாங்க. நீங்க குடோன்ல இருந்தீங்க. என்னண்ணே ஆச்சு?"

அப்புறம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதுதான் கஷ்டம். பாதி டீ குடித்த பிறகு சொன்னார்: "கால் கடுக்குது தம்பி. வெளிய சொன்னா, வயசாயிடுச்சுன்னு அனுப்பிடுவாங்க."

குடோனுக்கு அவர் போனது உட்காரத்தான். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. எங்கள் செக்‌ஷனிலும் ஸ்டூல் இருந்தது. அதன்மேல் நாங்கள் அட்டைப்பெட்டி அடுக்கி வைத்திருந்தோம்!

படி 3: அளந்து பார்க்கிற மாதிரி பேசி முடியுங்கள்

"இனிமே ஒழுங்கா பண்ணுங்க" என்றால் ஒன்றும் நடக்காது. ஸ்டூலைக் காலி செய்து கொடுத்தோம். கவுண்டரை விட்டுப் போனால் பக்கத்து ஆளிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும், விரித்த புடவை பத்து நிமிஷத்தில் மடிந்திருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம். இரண்டு வாரம் கழித்து மறுபடி உட்கார்ந்தோம்.

படி 4: அப்படியும் மாறாதவர்

உண்டு, இல்லாமல் இல்லை. இரண்டு தடவை வாயால் சொல்லுங்கள். பிறகு மெமோ, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். மிரட்டி ராஜினாமா எழுதி வாங்குகிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது, அதற்குத் துணை போகாதீர்கள். ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிறுத்த நியாயமான காரணமும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ வேண்டும் என்கிறது தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், பிரிவு 41. ஒழுங்கீனம் என்று நோட்டீஸ் இல்லாமல் அனுப்புவதானால், விசாரணை வைத்துச் சாட்சியத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் மேல்முறையீடும் செய்யலாம். அப்போது தேதி போட்ட அந்த நோட்டுதான் பேசும்.

நோட்டைக் கவுண்டரில் மட்டும் விட்டுவிடாதீர்கள். நான் ஒருநாள் விட்டேன். அண்ணன் எடுத்துப் படித்துவிட்டு, "பதினாலு இல்ல தம்பி, பன்னெண்டு" என்றார்.