2090ஆம் ஆண்டில் எரிந்த உலை

உலையின் வெப்பநிலையை லேப்வியூ என்ற அளவீட்டு மென்பொருளில் நொடிக்கு 10 தடவை பதிவு செய்திருந்தேன். 2024இல் எடுத்த அளவீடு அது. பைத்தான் நிரல்மொழியில் வரைபடம் போட்டால் கிடை அச்சில் 2090 என்று வருகிறது!

காரணம் எளிது. லேப்வியூ 1904 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணுகிறது, பைத்தானில் நான் பயன்படுத்திய பாண்டாஸ் என்ற தரவு நூலகம் 1970 ஜனவரி 1 முதல். இடைப்பட்ட 2082844800 நொடிகளைக் கழித்ததும் ஆண்டு சரியானது.

ஆனால் கோடு படிக்கட்டு மாதிரி இருந்தது. இதில்தான் இரண்டு நாள் போனது. சென்சாரைச் சந்தேகித்தேன், வயரை மாற்றினேன். கடைசியில் பார்த்தால், நினைவகத்தை மிச்சப்படுத்த எல்லா நெடுவரிசைகளையும் 32 பிட் தசம எண்ணாக மாற்றியிருந்தேன். கழிப்பதற்கு முன் லேப்வியூவின் நேரம் சுமார் 380 கோடி நொடி; அந்த அளவில் இந்த வகை எண்ணால் 256 நொடிக்குக் குறைந்த வித்தியாசத்தைக் காட்ட முடியாது. 2560 அளவீடுகள் ஒரே நேரத்தில் குவிந்துவிட்டன. வெப்பநிலைக்கு 32 பிட் போதும், நேரத்துக்கு 64 பிட் கட்டாயம் வேண்டும்.

மூலக் கோப்பிலிருந்து மறுபடி படித்தேன். அப்புறம் காலை 10 மணி 4:30 ஆகத் தெரிந்தது. அது யுடிசி, அதாவது உலகப் பொது நேரம்; இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். சேமிப்பில் அப்படியே விட்டு, வரைபடத்தில் மட்டும் இந்திய நேரத்துக்கு மாற்றினேன்.