குட்டிக் கைகளால் ஒரு வான்கோழி: தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு எளிய கைவேலைகள்

அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங், வான்கோழி விருந்தோடு நன்றி சொல்லும் நாள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதற்கு இரண்டு வாரம் முன்பே வான்கோழி வந்துவிடும். வகுப்பறைக் கதவு, நூலகத்துச் சுவர், மளிகைக் கடைக் கண்ணாடி என்று எங்கே பார்த்தாலும் வாலை விரித்துக்கொண்டு ஒரு காகித வான்கோழி நிற்கும். அன்றைக்கு உங்கள் வீட்டு அடுப்பில் வான்கோழி வேகலாம், பிரியாணி வேகலாம், வாழைக்காய் வறுவலோடு சைவச் சாப்பாடாகவும் இருக்கலாம். காகித வான்கோழி எல்லா வீட்டுக்கும் பொருந்தும்.

இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை உள்ள பிள்ளைகளோடு செய்யக்கூடியவற்றை இங்கே சொல்கிறேன். எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளியின் மழலை வகுப்பில் பிள்ளைகளோடு செய்து பார்த்தவை இவை. இதற்கு முன் கத்தரிக்கோலும் பசையும் எடுத்து எதுவும் செய்து பழக்கமில்லாத பெற்றோருக்கும் இவை கைவரும்.

தொடங்கும் முன்

முதலில் ஃபோனில் நிஜ வான்கோழியின் படம் ஒன்றை எடுத்துப் பிள்ளைக்குக் காட்டுங்கள். ஆண் பறவை வாலை விசிறி மாதிரி விரித்து நிற்கும் படமாக இருக்கட்டும். தலையிலும் கழுத்திலும் இறகே இருக்காது. அலகுக்கு மேலிருந்து ஒரு சிவப்புச் சதை தொங்கும், தாடைக்குக் கீழே இன்னொன்று. கோபம் வந்தாலோ பெட்டையைக் கவர நினைத்தாலோ அந்தத் தலை சிவப்பு, நீலம், வெள்ளை என்று நிறம் மாறும். இதைச் சொன்னதும் பிள்ளைகளுக்குக் கண் விரியும். காட்டு வான்கோழியின் இறகு பழுப்புதான், ஆனால் வெயில் பட்டால் செம்பு மாதிரி மின்னும். நாம் ஒட்டும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு வால் எல்லாம் இலையுதிர் காலத்து நிறங்கள்.

படத்தைப் பார்த்தால் உங்களுக்கும் ஒன்று புரியும். வால் சரியாக விரிந்துவிட்டால் அது வான்கோழிதான். உடம்பு கோணலாக இருந்தாலும், கண் கழுத்தில் போய் உட்கார்ந்தாலும் யாரும் வேறு பறவை என்று நினைக்க மாட்டார்கள். அதனால் நான் வைத்திருக்கும் முறை இது: உடம்பையும் தலையையும் முன்கூட்டியே வெட்டி வைத்துவிடுவேன், வால் முழுக்கப் பிள்ளையின் பொறுப்பு. அதில் நாம் கை வைக்கக் கூடாது. மூன்று வயதுப் பிள்ளையிடம் எல்லாவற்றையும் கொடுத்தால் பாதியிலேயே எழுந்து ஓடிவிடும். எல்லாவற்றையும் நாமே செய்து கொடுத்தாலும் அதேதான். வாலை மட்டும் கொடுத்துப் பாருங்கள், உட்கார்ந்து செய்யும்.

வாங்க வேண்டியவை: பல நிறத்தில் கன்ஸ்ட்ரக்‌ஷன் பேப்பர் (கைவேலைக்கான தடித்த தாள்), தண்ணீரில் கழுவினால் போகும் பெயின்ட், அதே வகை மார்க்கர், வெள்ளைப் பசை, பசைக்குச்சி, முனை மழுங்கிய கத்தரிக்கோல். பெயின்ட், மார்க்கர் இரண்டிலும் ‘வாஷபிள்’ என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். உடுப்புக்கும் கம்பளத்துக்கும் அதுதான் காப்பு.

ஓர் எச்சரிக்கை. கடையில் பை பையாக ‘கூக்ளி ஐஸ்’ என்று ஆடும் கண்கள் விற்கிறார்கள். பார்க்க அழகுதான், ஆனால் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டாம். வாயில் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். டாய்லெட் பேப்பர் அட்டைக் குழாய்க்குள் நுழையும் எந்தப் பொருளும் அந்த வயதுக்கு ஆபத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு மார்க்கரால் ஒரு புள்ளி போதும்.

கைத்தடம் வான்கோழி

இவற்றில் ஒன்றுதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். கட்டைவிரல் தலை, உள்ளங்கை உடம்பு, மீதி நான்கு விரலும் வால் இறகுகள். ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிக்கு அனுப்ப இதைவிடப் பொருத்தமான ஒன்று கிடையாது. பேரப்பிள்ளையின் கை இந்த வருஷம் எவ்வளவு பெரியது என்று அவர்கள் தங்கள் கையை வைத்து அளந்து பார்ப்பார்கள்.

1. மேசையில் பழைய செய்தித்தாளை விரியுங்கள். பிள்ளைக்குப் பழைய டி-ஷர்ட் ஒன்றை மாட்டுங்கள். ஈரத்துணியை எட்டும் தூரத்தில் வைத்த பிறகுதான் பெயின்ட் மூடியைத் திறக்க வேண்டும். பெயின்ட் பூசிய கையோடு பிள்ளையை விட்டுவிட்டுத் துணி தேடப் போக முடியாது.

2. ஒரு காகிதத் தட்டில் பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை ஐந்தையும் தனித்தனியாகக் கொஞ்சம் ஊற்றுங்கள்.

3. அகலமான பிரஷால் உள்ளங்கைக்கும் கட்டைவிரலுக்கும் பழுப்பு பூசுங்கள். பிறகு விரலுக்கு ஒரு நிறம். எந்த விரலுக்கு எந்த நிறம் என்பதைப் பிள்ளை சொல்லட்டும். மெல்லிசாகப் பூசினால் போதும். திட்டாகப் பூசினால் ரேகை எதுவும் பதியாது, விரல்களுக்கு நடுவே வழிந்து இறகுகள் ஒட்டிக்கொள்ளும். பெயின்ட் தோலில் சீக்கிரம் காயும், அதனால் கை மளமளவென்று ஓட வேண்டும்.

4. விரல்களை நன்றாக விரிக்கச் சொல்லி, கையைக் காகிதத்தில் வைத்து, உள்ளங்கையின் நடுவில் ஓர் அழுத்து, ஒவ்வொரு விரல் மேலும் ஓர் அழுத்து. உங்கள் இன்னொரு கை காகிதத்தைப் பிடித்திருக்கட்டும். எடுக்கும்போது இழுக்காமல் நேராக மேலே தூக்குங்கள்.

5. அரை மணி நேரம் காய்ந்த பிறகு கட்டைவிரலின் நுனிக்குப் பக்கத்தில் ஒரு கண், மஞ்சளில் ஓர் அலகு, அதன் கீழே சிவப்பில் தொங்கும் சதை, உள்ளங்கைக்கு அடியில் இரண்டு கால்.

இரண்டு வயதுக் குழந்தைக்குப் பிரஷ் பட்டால் கூசும், உடனே கையை மூடிக்கொள்ளும். அப்போது குழந்தையின் கையை மேசை மேல் மல்லாக்க வைத்துப் பூசி, காகிதத்தை மேலிருந்து கொண்டுவந்து கை மேல் ஒற்றி எடுங்கள். குழந்தை கையைத் திருப்ப வேண்டியதே இல்லை. அழுத்தும் வேலையும் உங்களிடமே இருக்கும். காகிதம் சற்றுத் தடிமனாக இருந்தால் மடங்காது.

இன்னொரு நுணுக்கம்: வலது கையைக் கவிழ்த்துப் பதித்தால் கட்டைவிரல் இடப்பக்கம் வரும், வான்கோழி இடப்பக்கம் பார்க்கும். இடது கை என்றால் வலப்பக்கம். வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால், ஒரே தாளில் வலப்பாதியில் ஒருவரின் வலது கை, இடப்பாதியில் மற்றவரின் இடது கை. இரண்டு வான்கோழியும் ஒன்றையொன்று பார்த்துப் பேசுவது போலிருக்கும்.

பெயின்ட் வேண்டாம் என்பவர்கள் பென்சிலால் கையைச் சுற்றிக் கோடு போட்டுக் கிரேயானால் நிரப்பலாம். பென்சிலைச் சாய்க்காமல் நட்டமாகப் பிடித்தால்தான் விரல் தடித்துத் தெரியாது. அடியில் பெயரையும் வருஷத்தையும் எழுதிவிடுங்கள்.

காபி ஃபில்டர் வால்

இங்கே நான் சொல்வது காபி மெஷினில் போடும் வெள்ளைக் காகித ஃபில்டர், கிண்ணம் மாதிரி ஓரம் சுருங்கியிருப்பது. கூம்பு வடிவத்தது இதற்குச் சரிவராது. கிடைக்காவிட்டால் சமையலறை டிஷ்யூவை இரண்டாக மடித்து வட்டமாக வெட்டிக்கொள்ளுங்கள்.

ஃபில்டரைத் தட்டையாக அமுக்கித் தட்டில் வைத்து, பிள்ளையை வாஷபிள் மார்க்கரால் இஷ்டத்துக்குக் கிறுக்கவிடுங்கள். கோடு, வட்டம், புள்ளி எதுவானாலும் சரி. கிறுக்கி முடித்ததும் ஸ்ப்ரே பாட்டிலால் மூன்று நான்கு முறை தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். நிறங்கள் ஒன்றோடொன்று ஓடிக் கலக்கும். அதற்கு மேல் தெளித்தால் எல்லாம் சேர்ந்து சேற்று நிறமாகிவிடும், பாட்டிலைக் கையிலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். பர்மனென்ட் மார்க்கர் இதற்கு உதவாது, அதன் மை தண்ணீரில் கரையாது.

ஐந்து வயதுப் பிள்ளையாக இருந்தால் இன்னொரு ஃபில்டரில் கறுப்பு மார்க்கரால் மட்டும் ஒரு பெரிய வட்டம் போடச் சொல்லி நடுவில் தண்ணீர் விடுங்கள். கறுப்பு மை பெரும்பாலும் பல சாயங்களின் கலவை. தண்ணீர் காகிதத்தில் பரவும்போது ஒவ்வொரு சாயமும் ஒவ்வொரு வேகத்தில் நகரும், நீலமும் ஊதாவும் தனியாகப் பிரிந்து வரும். குரோமட்டோகிராபி என்று பின்னாளில் பள்ளியில் படிக்கப்போவது இதைத்தான்.

ஒரு மணி நேரம் காயவிட்டு, பாதியாக மடித்தால் அரைவட்ட வால் தயார். பழுப்புக் காகிதத்தில் பேரிக்காய் வடிவத்தில் நீங்கள் வெட்டி வைத்த உடம்பை அதன் நடுவில் ஒட்டி, அலகும் கண்ணும் வையுங்கள். ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினால் வெளிச்சம் ஊடுருவி வால் மட்டும் ஒளிரும்.

உதிர்ந்த இலையில் வால்

இதற்குச் செலவே இல்லை. பூங்காவுக்குப் போய் மேப்பிள், ஓக் இலைகளைப் பொறுக்கி வாருங்கள். பொறுக்கும் நடைதான் பிள்ளைகளுக்குப் பிடித்த பகுதி. கொண்டுவந்த இலைகளை டிஷ்யூவுக்கு நடுவில் வைத்து, கனமான புத்தகத்துக்குள் இரண்டு நாள் அழுத்தி வையுங்கள். அப்படியே ஒட்டினால் மறுநாளே சுருண்டு கழன்று விழும். காகிதத் தட்டைப் பாதியாக வெட்டி, வளைந்த ஓரத்தில் இலைகளை வரிசையாக ஒட்டி, நடுவில் உடம்பு வைத்தால் முடிந்தது.

பாய்சன் ஐவி என்ற கொடியை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காம்பில் மூன்று மூன்றாக இலை விடும், இலையுதிர் காலத்தில் அழகான சிவப்பாக மாறும், பிள்ளையின் கை முதலில் அதற்குத்தான் போகும். காய்ந்து உதிர்ந்த இலையில்கூட அதன் எண்ணெய் இருக்கும், பட்டால் அரித்துக் கொப்புளம் வரும். மரத்தில் ஏறியிருக்கும் கொடிக்கு அடியில் பொறுக்க வேண்டாம், மேப்பிள், ஓக் அல்லாத இலையை விட்டுவிடுங்கள்.

சாப்பாட்டு மேசைக்குப் பெயர் அட்டை

டாய்லெட் பேப்பர் குழாயைப் பாதியாக வெட்டிப் பழுப்புக் காகிதம் சுற்றுங்கள். பின்பக்கம் ஐந்து காகித இறகு, முன்பக்கம் முகம். நடு இறகில் விருந்தாளியின் பெயர். தமிழ் எழுதப் பழகும் பிள்ளையாக இருந்தால் ‘அத்தை’, ‘மாமா’, ‘பெரியப்பா’ என்று அதன் கையாலேயே எழுதவிடுங்கள். மற்ற இறகுகளில் யாருக்கு எதற்கு நன்றி சொல்கிறோம் என்று எழுதலாம். எழுதத் தெரியாத பிள்ளை சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள், ஒரு வார்த்தையும் திருத்தாமல்.

மீந்த காகித இறகுகளைப் பட்டையில் ஒட்டிப் பிள்ளையின் தலையில் கட்டி ‘இந்தியன்’, அதாவது அமெரிக்கப் பூர்வகுடி, வேஷம் போடும் பழக்கம் ஒன்று இருந்தது. பழைய யோசனைப் பக்கங்களில் இன்னும் இருக்கிறது. அதை மட்டும் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இறகுத் தலையணி பல பூர்வகுடி மக்களுக்கு மரியாதையின் சின்னம், விளையாட்டுப் பொருள் கிடையாது. தேங்க்ஸ்கிவிங்கின் தொடக்கமாகச் சொல்லப்படுவது 1621இல் மாசசூசெட்ஸின் பிளிமத்தில் நடந்த அறுவடை விருந்து; அதில் ஆங்கிலேயக் குடியேறிகளோடு இருந்தவர்கள் வாம்பனோவாக் என்ற பூர்வகுடி மக்கள். அவர்களின் வழித்தோன்றல்களும் மற்றப் பூர்வகுடியினரும் 1970 முதல் தேங்க்ஸ்கிவிங் நாளை அதே பிளிமத்தில் துக்க நாளாக அனுசரிக்கிறார்கள். வான்கோழி செய்தால் யார் மனமும் புண்படாது.

மாறுவேட வான்கோழி

கிண்டர்கார்டனில் பிள்ளை இருந்தால் நவம்பர் தொடக்கத்தில் பையில் ஒரு வெள்ளைத் தாள் வரக்கூடும், வெறும் கோட்டில் வரைந்த வான்கோழியோடு. தேங்க்ஸ்கிவிங் சமையலுக்கு யாரும் பிடித்துப் போய்விடாதபடி அதற்கு வேஷம் போட்டு ஒளித்து வைக்க வேண்டும், அதுதான் வீட்டுப்பாடம். பிள்ளைகளுக்கு இது விளையாட்டே இல்லை, அந்த உயிரைக் காப்பாற்றியே தீர வேண்டும். வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி ஒரு வான்கோழிக்கு மன்னிப்பு வழங்கும் சடங்கு 1989 முதல் வருஷா வருஷம் நடக்கிறது. அந்த வீடியோவைக் காட்டிவிட்டுத் தொடங்கினால் உற்சாகம் இரட்டிப்பாகும்.

முதலில் பிள்ளையிடம் கேளுங்கள்: “கண்ணா, இது யார் மாதிரி இருந்தா யாருக்கும் தெரியாது?” பதிலுக்குக் காத்திருங்கள். தீயணைப்பு வீரர், ஐஸ்கிரீம், டைனோசர் என்று எது வந்தாலும் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு ஒன்றும் தோன்றவில்லை என்றால் மட்டும் நம் வீட்டிலிருந்து கொடுக்கலாம். விரிந்த வாலை மயில்தோகையாக்கலாம். பழைய பட்டுப்பாவாடையின் கரைத் துண்டை ஒட்டி, உல்லன் நூலில் சடை போட்டு, காகிதப் பூ வைத்தால் நவராத்திரிக்குக் கிளம்பிய சிறுமி. வெள்ளைத் துணியில் வேட்டி, தோளில் துண்டு, நெற்றியில் மூன்று கோடு போட்டால் தாத்தா. வகுப்பில் அதைக் காட்டும்போது, இது என்ன உடை என்று மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்ல உங்கள் பிள்ளைக்கு ஒரு விஷயம் கிடைக்கும். வேட்டி என்ற சொல்லை முந்தின ராத்திரியே சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

செய்முறை எளிது. தாளில் உள்ள உருவத்தை வெட்டி, சீரியல் டப்பா அட்டையில் ஒட்டி, அட்டையையும் சேர்த்து வெட்டுங்கள். அட்டை இல்லாமல் துணி ஒட்டினால் தாள் சுருங்கும். துணிக்கு வெள்ளைப் பசை, காகிதத்துக்குப் பசைக்குச்சி. பொத்தான், ஜிகினா மாதிரி கனமானவற்றைக் கடைசியில் ஒட்டி இரவு முழுக்கப் படுக்கவைத்துக் காயவிடுங்கள். பஞ்சு உருண்டையும் பிளாஸ்டிக் பூவும் வைத்து உயரமாக்கினால் பள்ளிப் பைக்குள் நசுங்கிப் போகும், அதனால் விரல் தடிமனுக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். பின்பக்கம் பிள்ளையின் பெயர், வகுப்பு எழுத மறக்க வேண்டாம். வேஷம் போட்ட பிறகு யாருடையது எது என்று ஆசிரியைக்கும் தெரியாது.