சாயத் தண்ணீரை ஒரு வாளியில் வெளுத்துப் பார்ப்பது எப்படி

ஆந்திர எல்லையில் உள்ள நகரி, ஏகாம்பரகுப்பம் பக்கம் சாயத் தண்ணீரை ஓடையில் விட்டால் நகரி ஆறு, அங்கிருந்து கொசஸ்தலை, கடைசியில் பூண்டி ஏரி. அதாவது சென்னைக்காரர் குடிக்கிற தண்ணீர். புற ஊதா ஒளியில் நிறம் போகும் என்று யாராவது பெரிய மெஷினை விற்க வந்தால், முன்பணம் கொடுக்குமுன் 5 லிட்டரில் நீங்களே செய்து பார்த்துவிடுங்கள்.

வீட்டு வாட்டர் பியூரிபையரில் வரும் 11 வாட் விளக்கு போதும். அதை மூடியிருக்கும் ஸ்டீல் உறையோடு (பேரல்) வாங்குங்கள், வெளிச்சம் கண்ணிலும் தோலிலும் படக்கூடாது. அது 254 நானோமீட்டர் விளக்காக இருக்க வேண்டும். நோட்டு சரிபார்க்கும் ஊதா விளக்கு இதற்கு உதவாது. சாதாரணக் கண்ணாடியும் இந்த ஒளியை மறைத்துவிடும், அதனால்தான் உள்ளே குவார்ட்ஸ் குழாய் வைக்கிறார்கள்.

தண்ணீரைத் துணியில் வடிகட்டுங்கள். வாளியின் அடி தெரியாத அளவுக்குக் கருப்பாக இருந்தால் நல்ல தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்யுங்கள், ஒளி உள்ளே போகாவிட்டால் எதுவும் நடக்காது. பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயமென்றால் சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) இருக்கும், அது பாதி வேலையைத் தின்றுவிடும். நீர்த்த கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு பி.எச். 6, 7க்குக் கொண்டு வாருங்கள். நுரைத்துப் பொங்கும், பயப்பட வேண்டாம். பட்டறையில் கைக்கு எட்டும் அசிட்டிக் அமிலத்தை மட்டும் ஊற்றாதீர்கள், அதுவே இன்னொரு கரிமப் பொருள், சாயத்தோடு போட்டி போடும்.

அப்புறம் பிளீச்சிங்குக்கு வைத்திருக்கும் 50 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, லிட்டருக்கு 1 மி.லி. கையுறை கட்டாயம், பட்டால் தோல் வெந்து வெளுத்துவிடும். ஒளி பட்டதும் பெராக்சைடு உடைந்து எதையும் வேகமாகத் தாக்கும் ஹைட்ராக்சில் ராடிக்கல் வரும், அது அசோ வகைச் சாயத்தின் இரட்டை நைட்ரஜன் பிணைப்பை அறுக்கும், நிறம் போகும். கூட ஊற்றினால் சீக்கிரம் வெளுக்கும் என்று நினைப்பது தப்பு, மிச்ச பெராக்சைடு அந்த ராடிக்கலையே விழுங்கிவிடும்.

மீன்தொட்டி மோட்டாரால் வாளிக்கும் பேரலுக்கும் சுற்றவிட்டு, 10 நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் எடுத்து வரிசையாக வையுங்கள். விளக்கு மட்டும் ஒருமுறை, பெராக்சைடு மட்டும் ஒருமுறை ஓட்டினால்தான் எது வேலை செய்கிறது என்று புரியும்.

நிறம் போனதும் குதிக்காதீர்கள். சாயம் துண்டு துண்டாக உள்ளேயே இருக்கலாம், தண்ணீரில் மிச்சமிருக்கும் கரிமப் பொருளைக் காட்டும் சி.ஓ.டி. சோதனை பார்த்தால்தான் தெரியும். லேபுக்கு அனுப்புமுன் மிச்ச பெராக்சைடை அழிக்கும் பெராக்சைடு கில்லர் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் கணக்கு ஏறிக் காட்டும். உப்பு ஒரு கிராம்கூடக் குறையாது, அதற்கு ஆர்.ஓ.தான் வழி. எனவே பளிங்கு மாதிரி இருக்கிறதே என்று வாசல் தென்னைக்கு ஊற்றாமல், கழிவுத் தொட்டிக்கே திருப்பி ஊற்றுங்கள்.