எந்த புரோகிராம் டேட்டாவைத் தின்கிறது? டெர்மினலிலேயே பார்த்துவிடலாம்

ஏற்காட்டில் சனி, ஞாயிறு என்றால் நெட் படுத்துவிடும். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வருகிற கூட்டம் மொத்தமும் அதே டவரில்தானே தொங்குகிறது. ஆனால் செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஊரே காலியாக இருக்கும்போது, போன் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்து ரெண்டு மணி நேரம் வேலை பார்ப்பதற்குள் அன்றைய 1.5 ஜிபி தீர்ந்துவிட்டது என்றால் டவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. உள்ளே ஏதோ ஒரு புரோகிராம் சத்தம் போடாமல் இழுத்துக்கொண்டிருக்கிறது. இந்த மாதிரி நேரத்தில் ஸ்பீட் டெஸ்ட் ஓட்டாதீர்கள். அது வேகத்தைச் சொல்லுமே தவிர இழுப்பது யார் என்று சொல்லாது, போதாக்குறைக்கு அதுவும் டேட்டா தின்னும்.

லினக்ஸில் இதற்கு நான் முதலில் எடுப்பது நெட்ஹாக்ஸ். உபுண்டு, டெபியன் வைத்திருப்பவர்கள் டெர்மினலில் (கட்டளை அடிக்கிற ஜன்னல்) ‘சூடோ ஏபிடி இன்ஸ்டால் நெட்ஹாக்ஸ்’ என்று அடித்தால் போதும், சின்ன புரோகிராம்தான், நொடியில் இறங்கிவிடும். (கட்டளை எல்லாம் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும், நெட்டோடு எச், ஓ, ஜி, எஸ் சேர்த்து ஒரே சொல்லாக.) அப்புறம் ‘சூடோ நெட்ஹாக்ஸ்’. சூடோ ஏன் என்றால், நெட்வொர்க்கில் போகிற ஒவ்வொரு பாக்கெட்டையும் (டேட்டாத் துண்டு) பிடித்துப் பார்ப்பதற்குச் சாதாரண யூசருக்கு அனுமதி கிடையாது. பிடித்த பாக்கெட் எந்த இணைப்பைச் சேர்ந்தது, அந்த இணைப்பை எந்த புரோகிராம் திறந்து வைத்திருக்கிறது என்று கெர்னலின் (லினக்ஸின் மையப் பகுதி) ப்ராக் அடைவிலிருந்து பார்த்துத்தான் இது கணக்கு எழுதுகிறது.

திரையில் ஒரு வரிக்கு ஒரு புரோகிராம் வரும். இடப்பக்கம் பிஐடி எண் (ஓடுகிற ஒவ்வொரு புரோகிராமுக்கும் சிஸ்டம் கொடுக்கிற எண்), யூசர் பெயர், புரோகிராமின் முழுப் பாதை, நடுவில் எந்த இன்டர்ஃபேஸ் (வைஃபையா, கேபிளா), வலப்பக்கம் அனுப்பியது, பெற்றது. கடைசி ரெண்டு பத்தியைத்தான் பார்க்க வேண்டும். பெற்றது பத்தியில் 200 கேபி என்று நின்றால் ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும். ஆனால் அது நொடிக்கு 200 கேபி. நிற்காமல் ஓடினால் மணிக்கு 720 எம்பி, ரெண்டு மணி நேரம் கொஞ்சம் தாண்டினால் 1.5 ஜிபி பேக் காலி. அதனால் வேகத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள், ‘எம்’ விசையைத் தட்டினால் வேகத்துக்குப் பதிலாக ஆரம்பித்ததிலிருந்து எவ்வளவு போனது என்ற மொத்தக் கணக்கு வரும். அதை அப்படியே விட்டுவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள், அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் ஆள் மாட்டியிருக்கும். ‘ஆர்’ தட்டினால் பெற்றதன்படி வரிசை, ‘எஸ்’ தட்டினால் அனுப்பியதன்படி, ‘க்யூ’ தட்டினால் வெளியே.

பலரும் பெற்றதை மட்டும் பார்ப்பார்கள், அனுப்பியதை விட்டுவிடுவார்கள். சேலம் செவ்வாய்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் பில் போடும் பக்கம் திறக்கவே மாட்டேன் என்று அடம் பிடித்தது. பார்த்தால் டவுன்லோடு ஒன்றுமே இல்லை, புது டிசைன் போட்டோக்களைப் போட்டு வைக்கிற ஃபோல்டரை ஒரு கிளவுட் சின்க் புரோகிராம் மேலே ஏற்றிக்கொண்டே இருந்தது, அனுப்பியது பத்தி முழுக்க அதன் கணக்குதான். அப்லோடு வரிசை அடைத்துக்கொண்டால், ‘வந்தது கிடைத்தது’ என்று நம் கணினி திருப்பி அனுப்ப வேண்டிய குட்டி பாக்கெட்டுகளும் அந்த வரிசையிலேயே மாட்டிக்கொள்ளும், அது போகாமல் எதிர்முனை அடுத்ததை வேகமாக அனுப்பாது. அதனால்தான் அப்லோடு நிறைந்தால் டவுன்லோடும் சேர்ந்து படுக்கிறது.

பெயர் புரியாத வரி வந்தால் பயப்பட வேண்டாம். ஏபிடி மெத்தட்ஸ் என்று பாதையில் இருந்தால் அது சிஸ்டம் அப்டேட் இறங்குவது. ஸ்னாப்டி என்றிருந்தால் ஸ்னாப் (உபுண்டுவில் புரோகிராம்களை நிறுவிப் பராமரிக்கும் வசதி) தானாகப் புதுப்பித்துக்கொள்கிறது, வழக்கமாக ஒரு நாளைக்கு நாலு தடவை அது எட்டிப் பார்க்கும். ‘அன்நோன் டிசிபி’, அதாவது உரிமையாளர் தெரியாத டிசிபி (போய்ச் சேர்ந்ததா என்று உறுதிசெய்துகொண்டே டேட்டா அனுப்பும் முறை) என்று ஒரு வரி எப்போதும் இருக்கும், கண நேரத்தில் திறந்து மூடிவிடுகிற இணைப்புகள் பெரும்பாலும் அதில் போய்ச் சேரும்.

ஒரு விஷயத்தில் கவனம் தேவை. நெட்ஹாக்ஸ் வழக்கமாக டிசிபியை மட்டும்தான் எண்ணும். இன்றைக்கு பிரவுசரில் யூடியூப் பார்த்தால் வீடியோ பெரும்பாலும் க்விக் என்ற முறையில், அதாவது யுடிபி (டிசிபி போல உறுதிசெய்யக் காத்திருக்காமல் அனுப்பும் முறை) வழியாக வரும். திரையில் வீடியோ ஓடிக்கொண்டே இருக்கும், நெட்ஹாக்ஸில் பிரவுசர் வரி சும்மா இருப்பதுபோலத் தெரியும். புதிய பதிப்புகளில் ஹைஃபன் போட்டுப் பெரிய எழுத்து ‘சி’ கொடுத்தால் யுடிபியையும் சேர்த்து எண்ணும். வீடியோ கால், கேம் எல்லாம் பெரும்பாலும் யுடிபிதான் என்பதால் நான் அது இல்லாமல் ஓட்டுவதே இல்லை.

பின்னணியில் ஓடும் சர்வீஸ் ஒன்றின் மேல் சந்தேகம் என்றால் இன்னும் நம்பகமான வழி, லினக்ஸில் சர்வீஸ்களை ஓட்டி நிர்வகிக்கிற சிஸ்டம்டியிடமே கணக்கு கேட்பது. 2017-ல் வந்த 235-ஆம் பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது. ‘சூடோ சிஸ்டம்சிடிஎல் செட்-ப்ராபர்ட்டி’ என்று அடித்து, சர்வீஸின் பெயர் போட்டு, கடைசியில் ‘ஐபிஅக்கவுன்டிங்=யெஸ்’ (ஐ, பி, ஏ மூன்றும் பெரிய எழுத்து). அப்புறம் அந்த சர்வீஸுக்கு ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்’ பார்த்தால் உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு என்று ஐபி வரி ஒன்று கூடுதலாக இருக்கும். கெர்னலே எண்ணுவதால் டிசிபி, யுடிபி வித்தியாசம் கிடையாது, திரையைத் திறந்து வைத்துக் காவல் காக்கவும் வேண்டாம்.

இழுக்கிற புரோகிராம் எந்த முகவரியோடு பேசுகிறது என்று தெரிய வேண்டுமா? ‘சூடோ எஸ்எஸ்’ போட்டு ஹைஃபனோடு நாலு எழுத்து: டிசிபிக்கு டி, யுடிபிக்கு யு, நம்பருக்கு என், பிராசஸுக்கு பி. ஐஎஃப்டாப், விஎன்ஸ்டாட் ரெண்டையும் பலர் சிபாரிசு செய்வார்கள், நல்ல கருவிகள்தான், ஆனால் முதலாவது முகவரிவாரியாகவும் இரண்டாவது இன்டர்ஃபேஸ்வாரியாகவும் காட்டும், புரோகிராம் பெயர் ரெண்டிலும் வராது.

ஆளைப் பிடித்த பிறகு உடனே கொன்றுவிட வேண்டும் என்றில்லை. அவசரமாக ஒரு மீட்டிங் இருக்கிறது, அது முடியும்வரை அடங்கினால் போதும் என்றால் ‘கில்’ கட்டளைக்கு ஹைஃபன் ஸ்டாப் (பெரிய எழுத்தில்) போட்டு பிஐடி எண்ணைக் கொடுங்கள், புரோகிராம் அப்படியே உறைந்து நிற்கும், முடிந்ததும் ஸ்டாப்புக்குப் பதில் பெரிய எழுத்தில் சி, ஓ, என், டி (டிசிபியில் முதலில் வருகிற டி). ரொம்ப நேரம் நிறுத்தினால் எதிர்முனை இணைப்பைத் துண்டித்துவிடும். சிஸ்டம் அப்டேட் இன்ஸ்டால் ஆகிக்கொண்டிருக்கும்போது மட்டும் அதில் கை வைக்காதீர்கள், பாக்கேஜ் பாதியில் உடைந்தால் சரிசெய்வது பெரிய வேலை. ஸ்னாப்தான் தொல்லை என்றால் ‘சூடோ ஸ்னாப் செட் சிஸ்டம் ரெஃப்ரெஷ்.மீட்டர்ட்=ஹோல்ட்’ கொடுத்துவிட்டு, நெட்வொர்க் செட்டிங்கில் உங்கள் ஹாட்ஸ்பாட்டை மீட்டர்ட் (டேட்டா அளவு வரம்புள்ள இணைப்பு) என்று குறித்துவிடுங்கள், மலையில் இருக்கும்வரை அது வாலாட்டாது.

மேக் வைத்திருப்பவர்களுக்கு எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை, ‘நெட்டாப்’ கூடவே வருகிறது, ஹைஃபன் போட்டுப் பெரிய எழுத்து ‘பி’ (பிராசஸுக்கு வருகிற பி) கொடுத்தால் புரோகிராம்வாரியாகச் சுருக்கிக் காட்டும். விண்டோஸில் அட்மினாகத் திறந்த கமாண்ட் ப்ராம்ட்டில் ‘நெட்ஸ்டாட்’ ஹைஃபன் ‘பி’ (சின்ன எழுத்து, பாம்பேக்கு வருகிற பி) புரோகிராம் பெயரைச் சொல்லும், அளவைச் சொல்லாது. அளவுக்கு அதே இடத்தில் ‘ரெஸ்மான்’ என்று அடித்து நெட்வொர்க் டாபைத் திறக்க வேண்டியதுதான்.