நறுமண எண்ணெயும் கிருமியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரின் தேக்கா கடைகளில் நறுமண எண்ணெய்க் குப்பியைக் கையிலெடுத்ததும் எல்லாரும் பார்ப்பது செடியின் பெயரைத்தான். அந்தப் பெயரை மட்டும் நம்பி வாங்குவது முதல் தவறு. ஒரே இலவங்கப்பட்டை மரத்தின் பட்டையிலிருந்து வடித்த எண்ணெயில் சின்னமால்டிஹைடு என்ற வேதிப்பொருள் மேலோங்கி நிற்கும். இலையிலிருந்து வடித்ததில் யூஜெனால் என்ற வேறொரு வேதிப்பொருள். துளசியிலும் ஒரு வகையில் யூஜெனால் மிகுதி, இன்னொன்றில் மெத்தில் யூஜெனால். மண், பருவம், அறுவடை நேரம் எல்லாம் விகிதத்தை மாற்றும். ஆகவே தாவரவியல் பெயர், செடியின் எந்தப் பாகம், முக்கிய வேதிப்பொருள் எத்தனை விழுக்காடு என்ற மூன்றையும் தேடுங்கள். மூன்றுமே இல்லையென்றால் அதை வெறும் வாசனைக்காக வாங்கிக்கொள்ளலாம். தேங்காயெண்ணெயில் துளசியைப் போட்டுக் காய்ச்சுவது வேறு சங்கதி. ஆவியில் வடித்த எண்ணெயின் செறிவு அதில் வராது.

'கிருமியைக் கொல்வது ஆய்வில் நிரூபணமானது' என்ற வரிதான் அதிகம் ஏமாற்றுகிறது. ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்ந்த தட்டில் எண்ணெய் நனைத்த காகித வில்லையை வைப்பார்கள். சுற்றிலும் கிருமி வளராத வட்டம் தோன்றும். ஆனால் எண்ணெய் நீரில் கரையாது, தட்டிலுள்ள கூழில் சரியாகப் பரவாது. அதனால் வட்டம் பெரிதாக இருக்கும் எண்ணெய்தான் வீரியமானது என்று சொல்ல முடியாது. வளர்ச்சியைத் தடுப்பதும் கொல்வதும் கூட ஒன்றல்ல. ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா எளிதில் மடியும். சூடோமோனாஸ் என்ற இன்னொரு பாக்டீரியா தன் வெளிச்சவ்வின் துணையால் பெரும்பாலும் தப்பிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டீ ட்ரீ எண்ணெய் ஆய்வுக்கூடத்தில் பல பாக்டீரியாக்களைச் சுமார் 1 விழுக்காட்டுச் செறிவிலேயே தடுக்கும். 20 சதுர மீட்டர் ஹால், 2.6 மீட்டர் உயரம் என்றால் 52,000 லிட்டர் காற்று. எண்ணெயை ஆவியாக்கிப் பரப்பும் டிஃப்யூசர் கருவியில் விடும் 5 துளி ஏறக்குறைய கால் மில்லிலிட்டர். முழுதும் ஆவியானாலும் 20 கோடியில் ஒரு பங்குதான் தேறும்! வீடு மணக்கும், அவ்வளவுதான். பூனை இருந்தால் அந்த மணமும் வேண்டாம். இத்தகைய வேதிப்பொருள்களைப் பிரித்து வெளியேற்றும் திறன் அதன் கல்லீரலுக்குக் குறைவு. 2024 செப்டம்பரிலிருந்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி உண்டு என்பதால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

டெங்கிக்குப் பயந்து செராய் (எலுமிச்சைப் புல்) எண்ணெய் தடவுவோருக்கு: அது சீக்கிரம் ஆவியாகிவிடும். டீட் அல்லது பிக்காரிடின் கலந்த பூச்சிவிரட்டியே மேல்.

குழந்தை விஷயத்தில்தான் எனக்குக் கவலை அதிகம். 'இயற்கைதானே, என்ன செய்துவிடும்' என்று நெஞ்சிலும் மூக்கடியிலும் தைலம் தேய்க்கும் பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். தைலங்களில் சேரும் வின்டர்கிரீன் எண்ணெய் ஏறத்தாழ முழுக்கவே மெத்தில் சாலிசிலேட் என்ற, ஆஸ்பிரின் வகை வேதிப்பொருள். ஒரு தேக்கரண்டி குடித்தால் 20 ஆஸ்பிரின் மாத்திரைக்கு மேல் விழுங்கியதற்குச் சமம். கற்பூரமும் யூக்கலிப்டஸ் எண்ணெயும் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரலாம். சிங்கப்பூரில் 1965 முதல் பச்சிளங் குழந்தைகளுக்கு ஜி6பிடி (இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) குறைபாட்டுச் சோதனை செய்கிறார்கள். குறைபாடு இருந்தால் அந்துருண்டையை வீட்டிலேயே வைக்கக்கூடாது. மென்தால், கற்பூரத் தைலங்களை மருத்துவரைக் கேட்காமல் தொடவும் வேண்டாம். குழந்தை எண்ணெயைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். உடனே 995 எண்ணில் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

பெரியவர்களும் நேரடியாகத் தோலில் தடவ வேண்டாம். நல்லெண்ணெயிலோ தேங்காயெண்ணெயிலோ கலந்து தடவலாம். குளியல் நீரில் சொட்டினால் கலக்காது, மிதந்து தோலில் ஒட்டும். பெர்கமாட் (எலுமிச்சை இனப் பழம்) எண்ணெயைத் தடவிக்கொண்டு நம்மூர் வெயிலில் நடந்தால் தோல் வெந்தது போலாகிவிடும்.

அடுப்படி ஜன்னலில் குப்பியை வைக்கும் பழக்கத்தையும் விடுங்கள். வெப்பத்திலும் காற்றிலும் எண்ணெயிலுள்ள லிமோனீன், லினலூல் போன்ற மணப்பொருள்கள் ஆக்ஸிஜனேற்றம் அடைந்து, ஒவ்வாமை உண்டாக்கும் பொருள்களாகிவிடும். நிறக்குப்பியில், மூடி இறுக்கி, குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். திறந்த தேதியை மேலே எழுதிவிடுங்கள். டர்பன்டைன் வாடை அடிக்கும் எலுமிச்சை எண்ணெய் தோலுக்கு ஆகாது.