மின்தடைக்குப் பிறகும் நீர்மட்டத்தை நினைவில் வைக்கும் மொஸ்கிட்டோ

சென்னை வீடுகளில் மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்ட சென்சாரையும் மோட்டார் சுவிட்சையும் இணையத்தின் துணையின்றி வீட்டு வைஃபைக்குள்ளேயே இணைக்க விரும்புவோர், கருவிகள் சிறு செய்திகளைப் பரிமாறிக்கொள்ளும் எம்கியூடிடி நெறிமுறையில் இயங்கும் மொஸ்கிட்டோ என்ற திறமூல மென்பொருளை ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் நிறுவிக்கொள்ளலாம். 2.0 பதிப்பு முதல் அது பிற கருவிகளின் இணைப்பை இயல்பாக ஏற்பதில்லை என்பதால், அமைப்புக் கோப்பில் 1883 என்ற போர்ட்டை (இணைப்பு வாயில் எண்) சேர்த்து, கடவுச்சொல்லையும் கட்டாயமாக்க வேண்டும்.

நீர்மட்டச் செய்திகளை கடைசிச் செய்தியைத் தக்கவைக்கச் சொல்லும் 'ரீடெயின்' குறியுடன் அனுப்பி, அதைக் கோப்பில் சேமிக்கும் 'பெர்சிஸ்டென்ஸ்' வசதியையும் இயக்கி வைத்தால், மழைக்கால மின்தடைக்குப் பின் மீண்டும் இணையும் கருவிகளுக்குக் கடைசியாகச் சேமிக்கப்பட்ட அளவு உடனே கிடைக்கும். சேமிக்கும் இடைவெளி இயல்பாக 1800 நொடி என்பது நம் ஊர் மின்தடைக்கு மிக அதிகம் என்பதால், அதைக் குறைத்துக்கொள்வது நல்லது. ஆனால் மோட்டாரை இயக்கும் கட்டளைக்கு மட்டும் ரீடெயின் குறியை இடக்கூடாது. இட்டால், மின்சாரம் திரும்பியதும் பழைய கட்டளையே மறுபடி வந்து, சம்ப்பில் நீர் இல்லாதபோதும் மோட்டார் ஓடத் தொடங்கிவிடும்.